தோழியின் கோடை



நட்பு, பொழுதுபோக்கு, காதல், அழகு என்னும் நான்கு பொருள்களையும் ஒரே மாலைப்பொழுதில் எடுத்துப் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் என்னைக் கேட்டபோது, மணம் செய்துகொள்ளாமல், இந்நகரின் கிழக்கு மூலையிலே ஓர் அடுக்குமாடி வீட்டில் தனித்து வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தியின் நிலையிலிருந்துதான் என்னால் பேச இயலும் என்று சொன்னேன். அவர்களும் அதுவே தங்கள் விருப்பம் என்றார்கள். ஆகவே இந்நான்கையும் தனித்தனியே வகுத்து இலக்கணம் கூற நான் முற்படப் போவதில்லை. இவை நான்கும் இந்த ரொறன்ரோ நகரத்துக் கோடையிலே ஒன்றோடொன்று எவ்விதம் பின்னிக் கிடக்கின்றன என்று நான் கண்டதை, உங்கள் அனுமதியோடு, சற்று நிதானமாகச் சொல்லப் போகிறேன்.

நம் முன்னோர் நிலத்தையும் பொழுதையும் மனித உள்ளத்தின் நிலைகளோடு பிணைத்து வைத்தார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்திலே படித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிணைப்பிலே வேனிற்காலமும் நண்பகலும் பாலைக்கு உரியவை. பாலைக்கு உரிய ஒழுக்கமோ பிரிவு. சுனை வற்றி, மரங்கள் நிழல் மறுத்து, வழிநடப்போரின் கால் கொப்பளிக்கும் அந்தப் பருவத்திலேதான் தலைவன் பொருள்தேடிப் புறப்படுகிறான். தலைவி வீட்டுச் சுவரிலே நாள்தோறும் ஒரு கோடிட்டு அவன் வரவை எண்ணியிருக்கிறாள். இந்நாட்டுக்கு வந்து குடியேறிய நமக்கு அந்தக் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிட்டது. இங்கே நம்மைப் பிரித்துவைப்பது குளிர், சேர்த்துவைப்பது கோடை. நவம்பரிலே சாத்திய கதவு ஏப்ரலில் திறக்கும்வரை அடுத்த வீட்டாரின் முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதில்லை. தொல்காப்பியர் பாலைக்கு வேனிலோடு நின்றுவிடாமல் பின்பனிக் காலத்தையும் உரியதாக்கி வைத்தார் அல்லவா? மாசி, பங்குனி என்னும் அவ்விரு மாதங்களையும் இந்நகரிலே கழித்தவர்களுக்கு அந்த விதியின் நுட்பம் உரையாசிரியர் துணையில்லாமலே விளங்கிவிடும். புலம்பெயர்ந்த நம் எழுத்தாளர்கள் பனி நிலத்தை ஆறாம் திணை என்று வழங்கத் தொடங்கினார்கள். அது பொருத்தமான வழக்கே. ஆனால் அத்திணைக்குக் குளிர்காலத்தை மட்டும் பொழுதாகக் கொள்ளுவது போதாது. அதன் கோடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்கோடைக்கு உரிய ஒழுக்கம் நட்பு என்பது என் துணிபு.

இதற்கு முதற்காரணம் வெளிச்சம். யாழ்ப்பாணத்திலே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகும். நாம் வெளிச்சத்தைப் பற்றி நினைத்துப் பார்த்ததே இல்லை. இங்கோ டிசம்பரில் பகல் 9 மணி நேரத்தையும் எட்டாது. ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் அது 15 மணி 25 நிமிடத்தையும் கடந்து, இரவு ஒன்பது மணிவரை சூரியன் மேற்கே நின்று விடைபெற மனமின்றித் தயங்குகிறது. வேலை முடித்து, சமைத்து, உண்டு, பாத்திரம் கழுவிய பின்னும் ஒரு முழு மாலை மிஞ்சிக் கிடக்கிறதே, அந்த மிச்சம் நாம் உழைத்துச் சம்பாதித்ததன்று, வானம் தந்தது. விக்டோரியா தினத்து வாரவிறுதிக்கு முன் செடிகளை வெளியே வைக்காதே, உறைபனி வந்து கருக்கிவிடும் என்பது இவ்வூர்த் தோட்டக்காரர் யாவரும் சொல்லும் பழைய எச்சரிக்கை. அதை நம்மவர் எவ்வளவு பக்தியோடு கைக்கொள்ளுகிறார்கள் என்பதை இந்நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் மாடிகளை அண்ணாந்து பார்த்தால் அறியலாம். மே மாதக் கடைசியிலே, ஏழு மாதம் வரவேற்பறைச் சன்னலோரம் ஒடுங்கி நின்ற கறிவேப்பிலைச் சாடிகள் ஒவ்வொன்றாக வெளி மாடத்துக்கு வருகின்றன. இலையெல்லாம் வெளிறி, நுனிகள் காய்ந்து, பாதி உயிராய் இருக்கும் அச்செடி, காற்றும் வெயிலும் பட்ட சில வாரங்களில், தண்டின் கணுவிலிருந்து செம்மை கலந்த இளந்தளிரை விடும். என் வீட்டுக்குக் கீழ்மாடியிலே வசிக்கும் கயானா நாட்டு அம்மையார், அத்தளிரைப் பார்த்துவிட்டு, பெயர்கூடத் தெரியாத என்னை நோக்கிக் கையசைத்து, அந்த இலை இரண்டு கொத்துக் கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் சிநேகம் அப்படித்தான் உண்டாயிற்று. குளிர்காலத்திலே நான் அவருக்குக் காலடியோசையாகவும் அவர் எனக்குச் சமையல் வாசனையாகவும் மட்டுமே இருந்திருப்போம்.

தனித்து வாழுதல் என்பது நம் சமூகத்திலே இன்னும் இரக்கத்துக்குரிய ஒரு குறையாகவே கருதப்படுகிறது. கலியாண வீட்டிலே என்னருகில் அமரும் பெண்கள் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, விடையைக் கேட்டபின் குரலைத் தாழ்த்திக்கொள்ளுகிறார்கள். அவர்களுடைய இரக்கம் அன்பிலே பிறந்தது என்பதை நான் அறிவேன். ஆயினும் இந்நாட்டின் நிலையைச் சற்று நோக்குங்கள். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி கனடாவிலே 44 இலட்சம் பேர் தனியாக வாழ்ந்தார்கள்; 1981இலே அத்தொகை 17 இலட்சமாக இருந்தது. நூற்றுக்கு 29.3 வீதமான வீடுகள் ஒருவர் மட்டுமே வாழும் வீடுகளாயிருந்தன. விதவையராகவும், பிள்ளைகள் மேற்கே போய்விட்ட முதியோராகவும், அகதி விண்ணப்பம் முடிவாகாமல் மனைவி மக்களைப் பிரிந்திருக்கும் இளைஞராகவும் நம்மவரிலும் எத்தனையோ பேர் இத்தொகைக்குள் அடங்குவர். ஆகையால் தனியாள் எவ்விதம் வாழுகிறான் என்பது ஒரு சிலருடைய சொந்த விஷயமன்று.

இந்நகரம் பெற்றெடுத்த ஏகாந்தவாசிகளிலே தலைசிறந்தவர் பியானோ மேதை கிளென் கூல்ட். 1932இல் இங்கே பிறந்து 1982இல் இங்கேயே மறைந்தவர். 1955ஆம் ஆண்டு ஜூன் மாதத்து வெப்பத்திலே, பாக் என்னும் மேதையின் கோல்ட்பெர்க் இசைமாலையை ஒலிப்பதிவு செய்ய நியூயோர்க் நகருக்குப் போனபோது, கனத்த மேலங்கியும் கழுத்துத் துணியும் கையுறையும் அணிந்து போனவர் அவர். புகழின் உச்சியிலே, 1964இல், மேடைக் கச்சேரியையே துறந்தவர். தனிமையைப் பொருளாகக் கொண்டு வானொலிக்கென மூன்று படைப்புகளை ஆக்கியவர். அப்படிப்பட்டவரும் இரவு நெடுநேரம் தொலைபேசியிலே நண்பர்களோடு மணிக்கணக்காகச் சம்பாஷித்துக்கொண்டிருப்பாராம். மனிதரை நேரிலே தாங்க முடியாதவருக்கும் மனிதக் குரல் வேண்டியிருந்தது. பிரொன்ட் வீதியிலே கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனக் கட்டடத்தின் முன் அவருடைய வெண்கலச் சிலை ஒரு வாங்கிலே அமர்ந்திருக்கிறது. அருகிலே இன்னொருவர் உட்கார இடம் விட்டுச் சிற்பி அதை வார்த்திருக்கிறார். கோடை நாட்களில் அந்த இடம் காலியாயிருந்து நான் பார்த்ததில்லை.

இனி, நான் நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். நம் அகப்பாடல்களைக் காதற் பாடல்கள் என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். ஆனால் அவற்றிலே பேசுகிறவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் புலப்படும். தலைவனும் தலைவியும் பேசுகிற அளவுக்குக் குறையாமல் தோழி பேசுகிறாள். தலைவனை நிறுத்தி வினவுகிறவள் அவள்; காலம் தாழ்த்தாதே, மணந்துகொள் என்று இடித்துரைக்கிறவள் அவள்; பிரிவிலே தேற்றுகிறவள் அவள்; எல்லாவற்றுக்கும் மேலாக, தலைவியின் மனத்திலே உள்ளவன் இன்னான் என்று செவிலிக்கு எடுத்துச்சொல்லி அறத்தோடு நிற்கிறவளும் அவளே. காதல் என்பது இருவர் மட்டுமே சம்பந்தப்பட்ட காரியம் என்று நவீன உலகம் நம்மை நம்பவைத்திருக்கிறது. சினிமாவும் அப்படியே காட்டுகிறது. நம் பழம்புலவர்களோ பெரும்பாலும் மூன்றாமவர் ஒருவரையும் சேர்த்தே காதலைக் கற்பனை செய்தார்கள். அந்தத் தோழிக்குக் காதலன் உண்டா, மணம் உண்டா என்று எந்தப் பாடலும் நமக்குத் தெரிவிப்பதில்லை. அவளுக்கு அது ஒரு குறையென்றும் எவரும் கருதவில்லை. அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை அவ்வையாருக்கு அளித்தானே, அந்த வாஞ்சைக்குக் கணவன் மனைவி என்ற உறவோ இரத்தத் தொடர்போ தேவைப்பட்டதா? தனித்து வாழும் பெண்ணுக்கு நம் மரபிலே ஒரு கௌரவமான ஸ்தானம் இருந்தது. அது நட்பின் ஸ்தானம். அந்த இடத்திலே நின்றுதான் நான் பேசுகிறேன்.

பொழுதுபோக்கை எடுத்துக்கொள்ளுவோம். கோடை பிறந்ததும் நம்மவரின் ஒன்றுகூடல்கள் தொடங்கிவிடுகின்றன. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பூங்காக்களிலே இடம் பதிவு செய்து, விடியற்காலையிலேயே அடுப்புகளைக் கொண்டுபோய் இறக்குகின்றன. கிளித்தட்டு, கயிறிழுத்தல், சிறுவர்களுக்குச் சங்கீதக் கதிரை. ஒருபுறம் தகரத் தட்டின்மேல் கொத்துரொட்டியின் தாளம். மறுபுறம் நண்டும் மீனும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மிதக்கும் ஒடியற்கூழ். பிளாவிலே குடித்தவர்கள் இங்கே காகிதக் குவளையிலே குடிக்கிறார்கள். சுவை குறைந்ததாக ஒருவரும் முறையிட்டதில்லை. ஜூலை நடுவிலே ஆடிப்பிறப்பு வருகிறது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்களுக்காகப் பாடிவைத்த அந்த நாளை, பனங்கட்டியும் பயறும் தேங்காய்ச் சொட்டும் இட்ட கூழோடு இந்நகரத்துத் தமிழ் வீடுகள் இன்னும் கொண்டாடுகின்றன. அடுத்த வாரமே, 1983ஆம் ஆண்டு ஜூலையிலே இலங்கையில் தமிழர்மேல் நடந்த வன்செயல்களின் நினைவு வந்து நிற்கிறது. ஒரே மாதத்திலே கூழையும் கண்ணீரையும் ஒருங்கே வைத்திருக்கும் ஜனங்கள் நாம். நம் கோடை மகிழ்ச்சியை அந்த நிழலிலிருந்து பிரித்தெடுக்க எவராலும் முடியாது, முயலவும் வேண்டாம்.

இந்நகரத்தின் பொதுக் கொண்டாட்டங்களிலே நம்மவர் இன்னும் அதிகமாகக் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், கனடாவின் நூற்றாண்டு நிறைவுக்குத் தங்கள் காணிக்கையாக 1967இலே தொடங்கிய கரிபானா இன்று இந்நகரின் பெருவிழாக்களில் ஒன்றாகிவிட்டது. 1879இல் தொடங்கிய தேசியக் கண்காட்சி ஆகஸ்ட் பிற்பகுதியிலே கூடி லேபர் தினத்தோடு கலைகிறது. இவற்றையெல்லாம்விட என் மனத்துக்கு உகந்தது ஹை பார்க் சோலையிலே 1983 முதல் கோடைகளிலே நடந்துவரும் ஷேக்ஸ்பியர் நாடகம். மலைச்சரிவிலே அடுக்கிய புல்மேடைகளில் அவரவர் விரிப்பை விரித்து, கொண்டுவந்த உணவைப் பிரித்து அமருகிறார்கள். இருட்ட இருட்ட மேடை விளக்கு ஒளி பெறும். பக்கத்து விரிப்பிலிருப்பவர் உங்களிடம் ஒரு பழத்தை நீட்டுவார். இடைவேளையிலே நாடகத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்பார். தனியாகப் போனவர் தனியாகத் திரும்புவது அங்கே கடினம்.

இதற்கு நேர்மாறாக நம் சனிக்கிழமைகளை எண்ணிப் பார்க்கிறேன். விவாகங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள், அரங்கேற்றங்கள், ஐம்பதாம் அறுபதாம் பிறந்தநாட்கள் எல்லாவற்றையும் நாம் இந்தப் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்குள்ளே திணித்துவிடுகிறோம். சன்னலே இல்லாத மண்டபங்களிலே, வெளியே மாலைவெயில் பொன்னாய்க் கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், மின்விளக்கின் கீழ் ஐந்நூறு பேர் அமர்ந்திருக்கிறோம். ஒலிபெருக்கியின் பேரொலியிலே பக்கத்து நாற்காலிக்காரரின் சுகம் விசாரிக்கவும் இயலுவதில்லை. மேடையேறி உறையைக் கொடுத்து, புகைப்படத்துக்கு நின்று, உண்டு, அதே இரவிலே இன்னொரு மண்டபத்துக்கு ஓடுகிறோம். இச்சடங்குகளை நான் குறைகூறவில்லை. சிதறடிக்கப்பட்ட ஒரு சமூகம் தன்னைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளுவதற்கு அவை அவசியமாயிருந்தன. ஆனால் நட்பு காரியமற்ற நேரத்திலேதான் வளரும். திருவள்ளுவர் நட்பைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் வகுத்தபோது அவற்றுள் ஒன்றைப் பழைமைக்கென்றே ஒதுக்கினார். பழகிப் பழகி உரிமை முதிர்ந்த நிலை அது. நாள்காட்டியிலே ஒரு மாலைகூட வெறுமையாய் இல்லாதவர்களுக்குப் பழைமை எப்படி வாய்க்கும்?

அந்த வெறுமை இந்நகரத்துக்கு ஒருமுறை தானாகவே வந்து வாய்த்தது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி, வியாழக்கிழமை, மாலை நாலே கால் மணி அளவில், ஒகையோ மாநிலத்திலே தாழ்ந்து தொங்கிய மின்கம்பிகள் மரக்கிளைகளில் உரசியதிலே தொடங்கிய கோளாறு சங்கிலித் தொடராய்ப் பரவி, ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 5 கோடி மக்களை இருளில் ஆழ்த்தியது. சுரங்க ரயில்கள் நின்றன. சந்திகளிலே விளக்குகள் அணைந்தன. வழிப்போக்கர்களே நடுவீதியில் நின்று வாகனங்களுக்குக் கைகாட்டினார்கள். எங்கள் அடுக்குமாடியிலே லிஃப்ட் நின்றுவிட்டது. அப்போது நிகழ்ந்ததை நான் இன்றளவும் மறக்கவில்லை. பிற நாட்டார் பலர் திகைத்து நிற்க, எங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சற்றும் கலங்கவில்லை. 1990 முதல் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை வைத்து, மண்ணெண்ணெய் சிறிது விட்டு, எண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்குச் செய்துகொண்டு அதன் ஒளியிலே பரீட்சைக்குப் படித்துத் தேறியவர்கள். மூன்றாம் மாடியிலிருந்த ஒரு தாய், குளிர்ப்பெட்டியிலே உருகத் தொடங்கிய மீனையெல்லாம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, புல்தரையிலே கரியடுப்பு மூட்டிவிட்டார். பிலிப்பைன்ஸ் நாட்டார் சோறு கொண்டுவந்தார்கள். கீழ்மாடிக் கயானா அம்மையார் ரொட்டி கொண்டுவந்தார். ஐஸ்கிறீம் உருகுமுன் தின்னும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். இளைஞர் இருவர் பத்தாம் மாடியிலிருந்த முதியவர் ஒருவருக்குத் தண்ணீர் சுமந்து ஏறினார்கள்.

அன்று பௌர்ணமி கழிந்து இரண்டு நாளாகியிருந்தமையால் நிலவு தாமதித்தே எழுந்தது. அதற்கிடையில், இந்நகரின் வானத்திலே நான் அதற்கு முன் கண்டிராத விண்மீன்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பால்வீதியையே கண்டோம் என்று அன்றிரவைப் பற்றிப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். தென்கிழக்கிலே செவ்வாய்க் கிரகம் கனன்றுகொண்டு எழுந்தது. அந்த ஆகஸ்ட் மாதத்திலே அது ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் பூமிக்கு மிக அணுக்கமாய் வந்திருந்தது என்று வானநூலார் கணித்திருந்தார்கள். புல்லிலே மல்லாந்து கிடந்த ஒரு சிறுமி, எங்கள் ஊரிலும் இதே நட்சத்திரங்களா என்று தன் பாட்டியைக் கேட்டாள். பாட்டி ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி அவற்றின் தமிழ்ப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். மூன்று நான்கு மொழிக் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டன. நட்பும் பொழுதுபோக்கும் அழகும் அன்று வேறுவேறாக இருக்கவில்லை. மறுநாள் மின்சாரம் வந்ததும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம் என்பதே எனக்கு மாறாத வருத்தம்.

அழகைப் பற்றிச் சொல்லும்போது நம்மவர் நயாகராவைத்தான் முதலில் சொல்லுகிறார்கள். ஊரிலிருந்து வரும் விருந்தினரையெல்லாம் அங்கேதான் கூட்டிச் செல்லுகிறார்கள். அதைவிடுத்து, குயின் வீதியின் கிழக்குக் கோடியிலே ஒன்ராறியோ ஏரிக்கரையில் நிற்கும் ஒரு கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்க விரும்புகிறேன். ஆர். சி. ஹரிஸ் நீர் சுத்திகரிப்பு நிலையம் என்பது அதன் பெயர். வேலையின்மையும் வறுமையும் உலகை வாட்டிய 1932ஆம் ஆண்டிலே அதன் வேலை தொடங்கிற்று. 1941இலே அது இயங்கலாயிற்று. 1912 முதல் 1945 வரை இந்நகரின் பொதுவேலை ஆணையாளராக இருந்த ரோலண்ட் ஹரிஸ், குடிநீரை வடிகட்டும் ஒரு தொழிற்சாலையை அரண்மனை போல் எழுப்பினார். மஞ்சட் செங்கல்லும் குவீன்ஸ்டன் சுண்ணக்கல்லும் கொண்ட சுவர்கள்; உள்ளே பளிங்கு பதித்த மண்டபம்; நடுவிலே கடிகாரமும் அளவு காட்டும் முகப்புகளும் பொருந்திய பளிங்குத் தூண். நகரத்து மக்கள் குழாயைத் திறந்து குடிக்கும் நீரிலே ஒரு பெரும்பங்கு இன்றும் அங்கிருந்தே வருகிறது.

குடிநீர் என்பது ஏழைக்கும் செல்வனுக்கும் பொது. ஆகையால் அது பிறக்கும் இடம் கோயிலைப் போல் இருக்கவேண்டும் என்று கருதிய அந்த மனிதரின் உள்ளத்தை நான் வியக்கிறேன். கொழும்பிலே பிறந்து 1962இல் கனடாவுக்கு வந்த மைக்கேல் ஒண்டாச்சி, 1987இல் வெளியிட்ட நாவலிலே, ஹரிஸின் இந்தக் கட்டடத்தையும், அவர் காலத்திலேயே எழுந்த புளோர் வீதிப் பெரும்பாலத்தையும் களமாகக் கொண்டு, அவற்றைக் கட்டி எழுப்பிப் பெயரற்றுப் போன குடியேற்றத் தொழிலாளரைக் கதையிலே வாழவைத்தார். இலங்கையில் பிறந்த ஒருவர் இந்நகரத்தின் மறதியைத் திருத்தினார் என்பது நமக்குப் பெருமை. ஆயினும் அந்நாவலைப் படித்தவர்கள்கூடக் கோடை மாலையிலே அங்கே போய்ப் பார்ப்பதில்லை. கட்டடத்தின் முன்னே புல்வெளி ஏரியை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. ஆறு மணிக்கு மேல் வெயில் பின்னாலிருந்து வந்து சுவர்களைத் தேன்நிறமாக்கும். நாயோடு வருவோர், சக்கர நாற்காலியிலே மனைவியைத் தள்ளிவரும் முதியவர், புத்தகத்தை மார்பிலே கவிழ்த்து உறங்கும் மாணவன் என எல்லாரும் அங்கே இருப்பார்கள். நுழைவுச்சீட்டு இல்லை, அழைப்பிதழ் இல்லை, ஏன் தனியாக வந்தாய் என்று கேட்பார் இல்லை. வீட்டுக்குள்ளே சேர்த்துவைக்கும் அழகு உடையவருக்கு மட்டுமே உரியது. இத்தகைய பொது அழகோ அன்னியரை அருகருகே உட்காரவைத்துப் பேசவைக்கிறது. எந்த நகரத்தில் பொதுச் சௌந்தரியம் செழித்திருக்கிறதோ அங்கே தனியாள் அனாதை ஆவதில்லை.

அந்தப் புல்வெளியிலேதான் காதலைப் பற்றி நான் அறிந்ததிற் பெரும்பகுதியையும் அறிந்தேன். முன்னொரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலே என்னிடம் அகரம் எழுதப் பழகிய பெண்கள் இப்போது வளர்ந்து உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுள் சிலர் கோடை மாலைகளில் என்னை அழைத்து, ரீச்சர், உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் என்பார்கள். நடந்துகொண்டே பேசுவோம், ஏரியைப் பார்த்துக்கொண்டு நடக்கையில், முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததை மனிதர் சொல்லிவிடுகிறார்கள். ஒருத்தி விரும்பியவன் வேற்றினத்தான். இன்னொருத்தி விரும்பியவன் தமிழனே, சைவனே, ஆனால் சாதி வேறு. கடல் கடந்து, குண்டுக்குத் தப்பி, ஆவணங்களையெல்லாம் இழந்து வந்த நம்மவர் அந்த ஒன்றை மட்டும் இழக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல என் நா கூசுகிறது. ஆனாலும் சபையிலே சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பெண் ஈராண்டாகத் தாயிடம் சொல்லமாட்டாமல், சிரித்த முகத்தோடு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அறிவுரை தேவைப்படவில்லை. தன்னைவிட மூத்த ஒருத்தி தன் தாயின் எதிரிலே அமர்ந்து, பிள்ளையின் மனம் இன்னதென்று நிதானமாய் எடுத்துரைக்க வேண்டும் என்பதே அவள் தேவை. நான் போனேன். தாய் அழுதார், கோபித்தார், தேநீர் ஊற்றித் தந்தார், மறுபடியும் அழுதார். பல மாதங்கள் சென்று அப்பெண்ணின் விவாகம் நடந்தது. அறத்தோடு நிற்றல் என்னும் துறையை வகுத்துவைத்த நம் புலவர்கள் எவ்வளவு தூரம் வாழ்க்கையை அறிந்திருந்தார்கள் என்பதை, பல ஆண்டுகள் வகுப்பிலே அதைக் கற்பித்தபோது உணர்ந்ததைக் காட்டிலும், அந்தச் சமையலறையிலே அமர்ந்திருந்தபோது ஆழமாய் உணர்ந்தேன். நம் பிள்ளைகளுக்கு இங்கே எல்லாம் இருக்கின்றன. தோழி ஸ்தானத்திலே நிற்கக்கூடிய மூத்தவர்கள் போதியவர்களாய் இல்லை. அதற்கு மணமானவர், மணமாகாதவர் என்ற பேதம் கிடையாது; நேரம் உள்ளவராயும், கேட்டதை வெளியே விடாதவராயும் இருந்தாற் போதும்.

கோடையிலே நம்மவருக்குக் கிடைத்த ஒரு பெரிய நட்பை நினைவுகூராமல் நான் முடிக்க மாட்டேன். 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியிலே, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலே நெருங்கிக் கிடந்தார்கள். ஜெர்மனியிலிருந்து அவர்களை ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலிலே இறக்கிவிட்டுப் போய்விட்டது. மீன்பிடிக்கப் போன கஸ் டால்டன் என்னும் மாலுமி அவர்களைக் கண்டார். யார், எவர், எந்த நாட்டார் என்று விசாரித்துக்கொண்டிராமல் தம் படகிலே ஏற்றத் தொடங்கினார். மற்றப் படகுகளையும் அழைத்தார். அவர்கள் வந்தது முறையா, சொன்னது மெய்யா என்று நாடெங்கும் பின்னர் வாதம் எழுந்தது. கடலிலே நின்ற அந்த மனிதருக்கோ அந்த வாதம் தோன்றவே இல்லை. முப்பதாண்டு கழித்து, 2016இலே, அன்று காப்பாற்றப்பட்டவர்களுள் சிலர் ரொறன்ரோவிலிருந்து நியூபவுண்ட்லாந்துக்கே போய் அவரைக் கண்டு நன்றி கூறினார்கள். பிசிராந்தையார் காணாமலே கோப்பெருஞ்சோழனோடு நட்புக் கொண்டார் என்று நாம் போற்றுகிறோம். டால்டன் முன்பின் அறியாதவர்களைக் கண்ட மாத்திரத்தில் நட்டார். நம் சமூகம் இந்நாட்டிலே வேர்விட்டதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் சங்கங்களையும் தலைவர்களையும் மட்டும் எழுதாமல், அந்த மீனவரிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

கோடை இன்னும் சில வாரங்கள் மீதமிருக்கிறது. கண்காட்சி முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டால் மாலைகள் சுருங்கத் தொடங்கிவிடும். கறிவேப்பிலைச் சாடிகளை உள்ளே எடுக்கும் யோசனையும் வந்துவிடும். ஆகையால், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்து அழைப்பு ஏதும் இல்லாதவர்களும், இருந்தும் போகாமலிருக்கத் துணிந்தவர்களும் மாலை ஆறு மணிக்கு நான் சொன்ன அந்த ஏரிக்கரைப் புல்வெளிக்கு வாருங்கள். 501ஆம் இலக்க ஸ்ட்ரீட்காரிலே ஏறி, நெவில் பார்க் என்னும் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தாற் போதும். இன்ன விஷயம் பேசவேண்டுமென்ற நியதி இல்லை. நான் பிளாஸ்கிலே தேநீர் கொண்டுவருவேன். விரிப்பு அவரவர் கொண்டுவர வேண்டும். தனியாக இருக்கும் அயலவர் எவரேனும் உங்களுக்குத் தெரிந்தால், அவர் எந்த மொழி பேசுகிறவராயினும், அவரையும் அழைத்து வாருங்கள். மழை பெய்தால் அடுத்த ஞாயிறு.